நாற்பத்தோராம் கல்

அந்த எண்ணை எழுதியது நான்தான்.
இடுப்பில் கயிறு, வாயில் பிரஷ்,
கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா.
குறட்டுமலையின் கிழக்கு முகத்தில்
நாற்பது கல்லுக்குக் கோடு போட்டு முடித்து
41 எழுதும்போது காற்று ஆட்டிவிட்டது.
ஒன்று கொஞ்சம் சாய்ந்துபோனது.

சாய்ந்த அந்த ஒன்றுக்கு மேலேதான்
இப்போது அது உட்கார்ந்திருக்கிறது.

வைரி.
கல் எடுக்க வருமுன்னே அங்கே இருந்ததுதான்.
முதல் வெடிக்கு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது.
இரண்டாம் வெடிக்குப் பிறகு காணோம்.
வைரி என்றால் பகையாளி என்றும் அர்த்தம்.
யார் யாருக்கு என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை,
வாரக்கூலி சனிக்கிழமை.

முப்பத்தொன்பது கல் தூத்துக்குடிக்குப் போனது,
லாரிக்கு ஒன்றாக.
நாற்பதாவது பாதி அறுபட்டு நிற்கையில்
ஆர்டர் வந்தது, சீல் வைத்தார்கள்.
கம்ப்ரசர் நின்ற அன்று
ஊருக்குள் எல்லாரும் கத்தியே பேசினோம்,
பழக்கதோஷம்.

பிறகு மதுரை. மாட்டுத்தாவணிக்குப் பக்கம்
ஒன்பது மாடி ஆஸ்பத்திரியில் ராத்திரி வாட்ச்மேன்.
விடிகாலை மொட்டைமாடியில்
புறாச்சிறகு கிடக்கும்,
தலையில்லாத கிளி கிடக்கும்.
பூனை வேலை என்றாள் கூட்டுகிற பஞ்சவர்ணம்.
எந்தப் பூனைக்கு லிப்டு திறந்துவிட்டார்கள்?

மாசியில் ஒருநாள் பார்த்துவிட்டேன்.
ஏசிப் பெட்டிக்குப் பின்னால், வெறும் சிமெண்டில்
மூன்று முட்டை.
என் பெயிண்ட் வெயிலில் வெளுத்தால் வருமே, அந்த நிறம்.
குச்சியில்லை, புல்லில்லை.
வைரிக்குக் கூடு கட்டத் தெரியாது.
சரளையில் நெஞ்சை வைத்து அழுத்தி
ஒரு குழி செய்யும், அவ்வளவுதான் வீடு.
சிமெண்டு குழியுமா?
இரண்டு உருண்டு கார் நிறுத்துமிடத்தில் உடைந்தன.
மூன்றாவதை ஏசி மெக்கானிக்
பார்க்காமல் மிதித்தான்.
அன்றைக்கு நோட்டில்
"விசேஷம் ஏதுமில்லை" என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.

அதே பறவைதானா மலைக்கு வந்தது?
தெரியாது. காலில் வளையமா மாட்டியிருக்கிறது.
அதே என்கிறான் சேவுகன்.
அவனுக்கு எல்லாமே அதேதான்.

நான் திரும்பி வந்தது இருமலால்.
அதே ஆஸ்பத்திரியில் படம் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர்
என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

குவாரிப் பள்ளத்தில் இப்போது தண்ணீர்,
பாசி பிடித்த பச்சை.
கரையில் உட்கார்ந்து சேவுகன்
மகனுடைய செல்போனில் மலையை இழுத்துப் பெரிதாக்கினான்.
முதலில் என் 41.
அப்புறம் அதன் நெற்றியில் ஒரு சாம்பல் முதுகு.
அப்புறம் ஒரு கண், எங்களைப் பார்த்து.

"அது உட்கார்ந்திருக்கிறது பார்,
அது என் தூசிடா" என்றான்.
உண்மைதான்.
கடைசி நாள் அவன் ஜாக்கேமர் பிடித்துத்
துளை போட்டபோது கொட்டிய தூளும் பொடிக்கல்லும்,
அள்ள ஆளில்லாமல்
அந்த விளிம்பிலேயே தங்கிவிட்டன.
அதில்தான் குழி பறித்திருக்கிறது.
அதில் மீதி எங்கள் இரண்டு பேர் நெஞ்சிலும் இருக்கிறது.
அங்கே யாரும் முட்டையிடவில்லை.

சொல்லிச் சிரித்தான், சிரிப்பு இருமலானது.
அந்தச் சத்தத்துக்குத் தண்ணீரோரத்துப் புறாக்கள் எழுந்தன.
எழுந்ததுதான் தெரியும்.
வானத்திலிருந்து ஏதோ கழன்று விழுந்ததுபோல்
ஒரு கோடு.
கோடு போட்டே பிழைத்தவன் நான்,
இப்படி நேராய் ஒன்று போட்டதில்லை.
புறாச்சிறகு மட்டும்
நிதானமாகத் தண்ணீரில் வந்து உட்கார்ந்தது.
மேலே ஆண் நீட்ட, பெண் தலைகீழாய்ப் புரண்டு
காற்றிலேயே வாங்கிக்கொண்டது.

கேஸ் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது.
மழை பெய்தால் எண் அழியாதா என்று கேட்டான் சேவுகன்.
அழியாது. ஆயில் பெயிண்ட்.
பத்து வருஷம் தாங்கும் என்றுதான் கடைக்காரன் கொடுத்தான்,
பன்னிரண்டு ஆகிறது.